வாட்டர் கூலிங்கோடு ஒரு சின்ன கம்ப்யூட்டர் கேபினெட்: ஆறு மாதமும் 38,600 ரூபாயும் போன கதை

கோவையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். காலையில் நடந்த முகூர்த்தத்தை அன்று மாலை ரிசப்ஷனிலேயே திரையில் ஓட்டிக் காட்டுவதுதான் எனக்கு அதிகம் வரும் வேலை. பத்து மணிக்கு மெமரி கார்டுகள் கைக்கு வரும். ஏழு மணிக்குள் ஐந்து நிமிட ஹைலைட்ஸ் தயாராக இருக்க வேண்டும். உட்காரக் கிடைப்பது பெரும்பாலும் மண்டபத்தின் ஸ்டோர் ரூம்தான். அரிசி மூட்டைக்கும் நாற்காலி அடுக்குக்கும் நடுவில் ஒரு மேசை, ஒரு பிளக் பாயின்ட். ஏசி இருக்காது. லேப்டாப்பை வைத்து இரண்டு வருடம் ஓட்டினேன். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் அது சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேன் போடும் சத்தத்தில் நாதஸ்வரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றுகூடக் கேட்க முடியாது. வீட்டில் இருந்த பெரிய கேபினெட்டைக் காரில் ஏற்றி இறக்கி முதுகுவலி வந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் கையில் தூக்கிப் போகிற அளவில், கிராஃபிக்ஸ் கார்டு, பிராசஸர் இரண்டையுமே தண்ணீரால் குளிரவைக்கும் ஒரு கேபினெட்டை நானே வரைந்து செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன். ஆடி மாதத்தில் கல்யாணம் இருக்காது. அந்த ஒரு மாதத்தில் முடித்து, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு எடுத்துப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். அது ஒழுங்காக ஓடியது தை மாதத்தில். எனக்குத் தெரிந்தவர்களில் இதைச் செய்து பார்த்தவர் யாரும் இல்லை. ஒருவர் முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சின்ன கேபினெட் விஷயத்தில் எல்லோரும் லிட்டர் கணக்குதான் பேசுவார்கள். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கினால் வருவது. டான் ஏ4 என்ற புகழ்பெற்ற கேபினெட் 7.2 லிட்டர், என்கேஸ் எம்1 12.7 லிட்டர். இந்த எண்களைப் படித்துப் படித்து, என்னுடையது பத்து லிட்டருக்குள் இருந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் எனக்குள் எப்படியோ புகுந்துவிட்டது. 300 × 150 × 222 மி.மீ. என்று வரைந்தேன். பெருக்கிப் பார்த்தால் 9.99 லிட்டர். அந்த எண்ணைப் பார்த்து அன்று இரவு அவ்வளவு சந்தோஷப்பட்டேன். எனக்கு வேண்டியது காரின் பின்சீட்டில் சீட் பெல்ட் போட்டு வைக்கக்கூடிய ஒரு பெட்டி. அது பத்து லிட்டரா பதின்மூன்று லிட்டரா என்பது சீட்டுக்குத் தெரியாது. இதை நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

பாகங்களைச் சொல்லிவிடுகிறேன். 170 × 170 மி.மீ. அளவுள்ள மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு, ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3070 கார்டு, எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவில் 650 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி), தண்ணீரின் சூட்டைக் காற்றில் விட 30 மி.மீ. தடிமனில் 240 அளவு (120 மி.மீ. ஃபேன் இரண்டு பொருந்தும்) ரேடியேட்டர் ஒன்று, டிடிசி வகை சின்ன பம்ப். மதர்போர்டு ஒரு பக்கமும் கார்டு அதன் முதுகுக்குப் பின்னாலும் நிற்கும். இரண்டையும் ரைசர் கேபிள் இணைக்கும். ரேடியேட்டர் மேலே. உயரக் கணக்கு இப்படி: மதர்போர்டு 170, ரேடியேட்டர் 30, மெலிந்த ஃபேன் 15, மேலும் கீழும் தகடு 4. மொத்தம் 219. எனக்கு 222 இருக்கிறது. மூன்று மி.மீ. மிச்சம் என்று நினைத்தேன். பாகங்களின் அளவெல்லாம் சரிதான். ஆனால் பாகங்களுக்கு நடுவே என்னவெல்லாம் போகும் என்பதை நான் வரையவே இல்லை. ஆறு மாதம் போனதற்கு வேர் இதுதான்.

அட்டையில் ஒரு மாதிரி செய்து பார்த்திருந்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தெரிந்திருக்கும். கணினியில் முப்பரிமாணமாகச் சுழற்றிப் பார்த்ததால் அது தேவையில்லை என்று விட்டுவிட்டேன். பிறகு இரண்டாவது முறை செய்தபோது, வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் ஒட்டி வெட்டினேன். அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. கடையில் காகிதத்துக்குப் பொருந்தும்படி அச்சடிக்கும் அமைப்பை அப்படியே வைத்திருப்பார்கள். படம் இரண்டு மூன்று சதவீதம் சுருங்கி வரும், கண்ணுக்குத் தெரியாது. வரைபடத்தின் மூலையில் சரியாக 100 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். அச்சு வந்ததும் ஸ்கேலை வைத்து முதலில் அந்தக் கோட்டை அளந்து பாருங்கள். எனக்கு 97 வந்தது. திரும்ப அச்சடித்தேன்.

தகடு வேலைக்குக் கணபதியில் ஒரு பட்டறைக்குப் போனேன். லேசர் கட்டிங், பெண்டிங் இரண்டும் அங்கேயே. 2 மி.மீ. அலுமினியம், 5052 ரகம். (6061 ரகம் உறுதியானது என்று படித்துவிட்டு அதைக் கேட்டேன். அதை இவ்வளவு சின்ன வளைவில் மடித்தால் மடிப்பில் வெடிப்பு விடும் என்று பட்டறைக்காரர்தான் தடுத்தார். அவருக்கு நன்றி.) நான்கு நாளில் வேலை முடிந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்து மதர்போர்டை வைத்தேன். திருகு ஓட்டைகள் பொருந்தின, ஆனால் பின்பக்கத்து ஐஓ ஷீல்டு (ஒயர் செருகும் வாய்களைச் சுற்றி வரும் தகடு) உட்காரவில்லை. அந்தத் திறப்பு 158.75 × 44.45 மி.மீ. என்பது எல்லா போர்டுக்கும் பொதுவான அளவு, அதைச் சரியாகத்தான் வெட்டியிருந்தார்கள். திறப்பு மொத்தமாக முக்கால் மி.மீ.க்கு மேல் தள்ளிப் போயிருந்தது. எச்டிஎம்ஐ ஒயர் பாதிதான் உள்ளே போனது.

மறுநாள் தகட்டைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே போனேன். அவர் வெர்னியரை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, வளைவுக்கு உள் ரேடியஸ் எவ்வளவுன்னு போட்டீங்க?" என்றார். "ஒரு எம்எம் அண்ணா, சாஃப்ட்வேரில் அதுதான் இருந்துச்சு" என்றேன். "எங்க டையில மூணு எம்எம் வருமுங்க. வரையறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருந்தா துண்டு ஒண்ணு வளைச்சுக் குடுத்திருப்பேனுங்க" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது.

விஷயம் இதுதான். தகட்டை மடிக்கும்போது மடிப்பில் உலோகம் கொஞ்சம் நீளும். அதனால் தட்டையாக வெட்டும் அளவில் ஒவ்வொரு மடிப்புக்கும் இவ்வளவு என்று கழிக்க வேண்டும். அந்தக் கழிவு தகட்டின் தடிமன், உலோகம், பட்டறையில் இருக்கும் டை (தகட்டை அழுத்தி மடிக்கும் அச்சு) மூன்றையும் பொறுத்தது. சாஃப்ட்வேர் தானாகப் போட்டிருக்கும் எண் உங்கள் ஊர் டைக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. அவர் அன்றே 100 மி.மீ. நீளத் துண்டு ஒன்றை நடுவில் மடித்துக் கொடுத்தார். இரண்டு கால்களையும் வெளிப்பக்கமாக அளந்து கூட்டினால் 103.9 வந்தது. ஆக, மடிப்புக்கு 3.9 கழிக்க வேண்டும். நான் கழித்தது 3.05. இரண்டு மடிப்பு உள்ள தகட்டில் 1.7 மி.மீ. தவறு. எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில் இந்தத் துண்டைக் கேட்டு வாங்குங்கள், அதை அளந்த பிறகு வரையுங்கள். எனக்கு அவர் அதற்குக் காசே வாங்கவில்லை. இன்னொன்று, மடிப்புக்கு மிக அருகில் திருகு ஓட்டை வைக்காதீர்கள். மடிக்கும்போது அது முட்டை வடிவத்துக்கு இழுபடும்.

அந்தத் தகட்டை வீணாக்க மனம் வரவில்லை. இரண்டு மாலை உட்கார்ந்து அரத்தால் ராவித் திறப்பைப் பெரிதாக்கி, பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தேன். அங்கே அடுத்த பாடம். பவுடர் கோட்டிங் ஒரு பக்கத்துக்கு 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறும். கேட்டால் ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஆனால் எம்3 மரைக்குள் அது போய்ச் சுட்டு இறுகிவிட்டால் திருகு நுழையாது. மரை வெட்டும் டேப் போட்டு எல்லா மரையையும் மறுபடி எடுத்தேன். அதில் ஏழு ஓட்டைகளில் மரை வழித்துக்கொண்டு போனது. 2 மி.மீ. தகட்டில் எம்3 திருகுக்கு நாலே சுற்றுதான் பிடி. அடிக்கடி கழற்றி மாட்டும் இடத்துக்கு அது தாங்காது. ரிவெட் நட் (தகட்டில் பதித்து வைக்கும் தனி மரை) போடுங்கள், கோட்டிங்குக்கு முன்னால் மரைகளில் சிலிக்கான் அடைப்பான் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எர்த் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது உயிர் சம்பந்தப்பட்டது. பவுடர் கோட்டிங் மின்சாரம் கடத்தாது. எஸ்எம்பிஎஸ் உட்காரும் தகட்டில் திருகைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுரண்டிவிட்டு, மற்றத் தகடுகளும் அதோடு தொடர்பில் இருக்கும்படி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழுது வரும்போது தொடும் தகட்டில் மின்சாரம் நிற்கும். பழைய மண்டபங்கள் சிலவற்றில் பிளக் பாயின்ட்டில் எர்த் ஓட்டை இருக்கும், பின்னால் ஒயர் இருக்காது. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் அந்த பாயின்ட்டில் வேலை செய்யாதீர்கள். இப்போது நூறு ரூபாய் சாக்கெட் டெஸ்டர் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கிறது.

சரி, ஆவணி பிறந்துவிட்டது. உள்ளே பாகங்களை மாட்டத் தொடங்கினேன். ரேடியேட்டரில் டியூப் மாட்டும் வாய்கள் இரண்டும் பின்பக்கம், மதர்போர்டுக்கு மேலே வரும்படி வரைந்திருந்தேன். முன்பக்கம் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மேல் இருந்த இடத்தைப் பம்புக்கு ஒதுக்கிவிட்டதால் வேறு வழியில்லை. வாயில் ஃபிட்டிங்கை (டியூபைப் பிடித்துக்கொள்ளும் இணைப்பு) திருகினேன். ஜி கால் இஞ்ச் மரை, எல்லாக் கம்பெனிக்கும் பொது. நேர் ஃபிட்டிங் ரேடியேட்டரிலிருந்து கீழே 20 மி.மீ. நீட்டிக்கொண்டு நின்றது. அதற்கு நேர் கீழே மூன்று மி.மீ.யில் போர்டின் விளிம்பு. போர்டின் பின்முனையில் இருக்கும் உயரமான ஹீட்சிங்கில் ஃபிட்டிங் போய் இடித்தது. டியூப் மாட்டுவதற்கு முன்பே இப்படி. 90 டிகிரி ஃபிட்டிங் நாலு வாங்கினேன். அது இன்னும் உயரம், 30 மி.மீ. அதையும் மாட்ட முடியவில்லை. அப்புறம் உயரம் குறைந்த ஃபிட்டிங் தேடி வரவழைத்தேன். அது உட்கார்ந்தது, ஆனால் டியூபை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தைச் சுற்ற விரல் போக இடமில்லை. ஃபிட்டிங்குக்கு மட்டும் 5,400 ரூபாய் வீண்.

இதில் நான் புரிந்துகொண்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கேபினெட் வரைகிறவருக்கு இதுதான் முக்கியம். பிராசஸர், கார்டு மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் உலோகக் கட்டைதான் வாட்டர் பிளாக். அதன் உயரம் என்று கடைக்காரர் கொடுப்பது பிளாக்கின் உயரம் மட்டுமே. அதற்கு மேல் ஃபிட்டிங் வேண்டும். ஃபிட்டிங்கிலிருந்து டியூப் வெளியே வந்து நசுங்காமல் திரும்ப இடம் வேண்டும். உள்விட்டம் 10, வெளிவிட்டம் 13 உள்ள மென்டியூபை நான் கையில் வளைத்துப் பார்த்ததில், 45 மி.மீ. ஆரத்துக்குக் கீழே போனால் மடிந்துகொண்டது. வளையத்தை இறுக்க இரண்டு விரல் போக வேண்டும், அதற்குச் சுற்றிலும் 15 மி.மீ. 24 பின் பவர் ஒயர் போர்டிலிருந்து வெளியே வந்து திரும்ப 30, 35 மி.மீ. எடுத்துக்கொள்ளும். இவை எதுவும் எந்தப் பாகத்தின் அளவுப் பட்டியலிலும் இருக்காது. இரண்டாவது முறை வரைந்தபோது ஒவ்வொரு ஃபிட்டிங்கின் மேலும் விரலுக்காக ஒரு உருளை, ஒவ்வொரு ஒயர் முனையிலும் ஒரு கட்டை என்று காற்றையே பாகமாக வரைந்து வைத்தேன். அவை ஒன்றோடொன்று இடிக்காத வரைக்கும் தகட்டைத் தொடவில்லை.

திருகு பற்றியும் ஒன்று. ரேடியேட்டரோடு 30 மி.மீ. திருகுகள் வரும், அவை 25 மி.மீ. ஃபேனுக்கு. நான் 15 மி.மீ. ஃபேனில் அதையே போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் கை கனமானது. நிறுத்தி வெளியே எடுத்துப் பார்த்தால், திருகின் முனை ரேடியேட்டரின் பட்டைக்குழாயைத் தொட்டு ஒரு புள்ளி விழுந்திருந்தது. இன்னும் அரைச் சுற்று சுற்றியிருந்தால் குழாய் ஓட்டை. திருகின் நீளத்திலிருந்து ஃபேன் தடிமனையும் தகட்டுத் தடிமனையும் கழித்து, மீதி ஐந்து மி.மீ.க்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் வாங்கும்போது செம்பா அலுமினியமா என்றும் கேளுங்கள். பிளாக்குகள் செம்பில் இருக்கும்போது விலை குறைவு என்று அலுமினிய ரேடியேட்டர் வாங்கினால், ஒரே தண்ணீரில் இரண்டு உலோகமும் இருந்து அலுமினியம் அரித்துப்போகும்.

புரட்டாசியில் முதல் கேபினெட்டைத் தூக்கிப் பரணில் போட்டேன். 6,100 ரூபாய். இரண்டு வாரம் அதைப் பற்றி யோசிக்கவே பிடிக்கவில்லை. மனைவி ஒரு நாள், "பத்து லிட்டர்னு யார் சொன்னாங்க?" என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லைதான். மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை ஒவ்வொரு பக்கமும் 18 மி.மீ. கூட்டினேன், 318 × 168 × 240. லிட்டர் 12.8. அந்த 18 மி.மீ.யில் எல்லாம் மாறியது. 25 மி.மீ. ஃபேன் பொருந்தியது. கார்டின் பழைய ஹீட்சிங்கைக் கழற்றிவிட்டு வாட்டர் பிளாக் போட்டால் கார்டின் நீளம் குறையும், அதன் முனையில் கிடைத்த இடத்தில் பம்ப் உட்கார்ந்தது. பம்ப் அங்கே போய்விட்டதால் ரேடியேட்டரை முன்னும் பின்னுமாகத் திருப்பி, வாய்களை எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மேல் உள்ள காலியிடத்துக்குக் கொண்டுவர முடிந்தது. தண்ணீர் ஊற்றும் வாய் மேலே, வடிக்கும் திருகு எல்லாவற்றிலும் தாழ்ந்த இடத்தில். முதல் வடிவில் இவை இரண்டுமே இல்லை. தண்ணீர் மாற்ற வேண்டுமென்றால் முழுவதையும் பிரித்திருக்க வேண்டும்.

கார்த்திகையில் எல்லாம் மாட்டி பவர் போட்டேன், திரை கறுப்பு. கார்டு போய்விட்டது என்று இரண்டு நாள் தூக்கமில்லை. காரணம் ரைசர் கேபிள். போர்டும் கார்டும் நாலாம் தலைமுறை பிசிஐஇ வேகத்தில் பேசின, நான் விலை பார்த்து வாங்கிய கேபிள் மூன்றாம் தலைமுறை. பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) வேகத்தைக் குறைத்தால் ஓடும், ஆனால் அதை மாற்றுவதற்குத் திரை வேண்டுமே! இந்த பிராசஸரில் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டை நேராக போர்டில் செருகித்தான் மாற்றியாக வேண்டும், அதற்குள் தண்ணீர் ஊற்றி முடித்திருந்தேன். எல்லாவற்றையும் வடித்துப் பிரித்தேன். கூலன்ட் (தண்ணீர் என்று நான் சொல்லும் குளிர்விக்கும் திரவம்) ஒரு பாட்டில் போனது. பிறகு நாலாம் தலைமுறை கேபிளே வாங்கினேன், பழைய கேபிளின் 2,900 வீண். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால், மேசை மேல் பரப்பி வைத்து, எதை எதோடு இணைக்கப் போகிறீர்களோ அதே கேபிளோடு ஒரு தடவை திரையை வரவழைத்துப் பாருங்கள். பழைய ஹீட்சிங்குகளோடு இதைச் செய்ய ஒரு மணி நேரம் போதும்.

அப்புறம் தாராபுரம். கார்த்திகைக் கடைசி முகூர்த்தம். புது கேபினெட்டை முதன்முதலாக வெளியே எடுத்துப்போன நாள். வீட்டில் 24 மணி நேரம் பம்பை மட்டும் ஓட்டிச் சோதித்திருந்தேன், ஒரு சொட்டு இல்லை. அந்த நம்பிக்கையில் மண்டபத்தில் இறக்கியதும் பிளக்கைச் செருகி பவரை அழுத்தினேன். பத்து நிமிடம் ஓடியது. மெமரி கார்டுகளைக் காப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று திரை அணைந்தது. மறுபடி அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றது. பக்கத் தகட்டைக் கழற்றினேன். கார்டின் பிளாக்கில் இருந்த ஃபிட்டிங்கின் அடியில் ஒரே ஒரு சொட்டு, ஊசியில் கோத்த மணி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விழுந்து அடுத்த சொட்டு வந்தது. தகட்டின் ஓரமாகவே தண்ணீர் ஓடி ரைசரின் முனைக்குப் போய், அங்கிருந்து போர்டுக்கு இறங்கியிருந்தது. கை நடுங்கியது. வெளியே கெட்டிமேளம் கேட்கிறது, எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

என்னைக் கூப்பிட்ட போட்டோகிராஃபர் அண்ணாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. தன் லேப்டாப்பைக் கொடுத்து, "முடிஞ்ச வரைக்கும் பாரு" என்றார். ஐந்து நிமிடப் படம் தயாராகவில்லை. தாலி கட்டும் காட்சியை மட்டும் ஒன்றரை நிமிடத்துக்கு வெட்டிக் கொடுத்தேன். பெண்ணின் அப்பா திரையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானுங்களா?" என்று மட்டும் கேட்டார். பணம் போனதைவிட அந்தக் கேள்விதான் இன்றைக்கும் வலிக்கிறது.

ஏன் ஒழுகியது? வீட்டில் அசையாமல் நின்ற நிலையில் சோதித்தேன். காரில் எண்பது கிலோமீட்டர், ஊருக்கு ஊர் வேகத்தடை. கார்டிலிருந்து போன டியூப் நான் வெட்டியதில் ஒரு சென்டிமீட்டர் நீளம் கூடுதல். பக்கத் தகட்டை மூடும்போது தகடு அதை அழுத்தி, ஃபிட்டிங்கை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. குலுங்கக் குலுங்க வளையம் நெகிழ்ந்துவிட்டது. தூக்கிப் போகும் பெட்டியென்றால் சோதனையும் தூக்கிப் போய்த்தான் செய்ய வேண்டும். கூலன்ட் பாட்டிலில் மின்சாரம் கடத்தாது என்று போட்டிருந்ததை நான் நம்பியிருந்தேன். புதிதாகத் திறக்கும்போது அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். உலோகத்திலும் தூசியிலும் பட்ட பிறகு கடத்தும். மதர்போர்டு போனது, 16,800 ரூபாய். திரவம் பட்டது என்று தெரிந்ததும் வாரன்டியில் எடுக்க மாட்டோம் என்றார்கள். அதில் நான் சண்டை போட ஒன்றுமில்லை. கார்டைக் கழற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, நான்கு நாள் காயவைத்தேன். அது பிழைத்தது.

மார்கழி முழுக்க மறுபடி கட்டினேன். இப்போது நான் செய்யும் முறை இது. தண்ணீருக்கு முன்னால் காற்றழுத்தச் சோதனை: அழுத்தமானி வைத்த சின்ன கைப்பம்பால் 0.5 பார் ஏற்றி அரை மணி நேரம் முள் அசையாமல் இருக்க வேண்டும். இதைத் தகடுகளை மூடிய பிறகு ஒரு தடவை, காரில் வைத்து ஊரைச் சுற்றி வந்த பிறகு இன்னொரு தடவை. பிறகு தண்ணீர். ஊற்றும்போது போர்டுக்கோ கார்டுக்கோ மின்சாரம் போகக்கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயர்களை அவற்றிலிருந்து கழற்றிவிட்டு, 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் சேர்த்தால் பம்ப் மட்டும் ஓடும். (ஒயர் எல்லாமே கறுப்பாக இருந்தால் 16ஆவது பின்.) பம்பைத் தண்ணீரில்லாமல் ஓட்டாதீர்கள், நொடியில் கெடும். ரிசர்வாயரை (பம்புக்குத் தண்ணீர் கொடுக்கும் தொட்டி) நிரப்பி, சில நொடி ஓட்டி, நிறுத்தி, மறுபடி நிரப்ப வேண்டும். பெட்டியை நாலு பக்கமும் சாய்த்துச் சாய்த்துக் காற்றை வெளியேற்றினேன், அதற்கு ஒரு மாலை முழுக்கப் போனது. ஒவ்வொரு ஃபிட்டிங்கின் அடியிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றி வைத்தால் ஈரம் உடனே தெரியும். கண்ணாடி போன்ற பிவிசி டியூபை விட்டுவிட்டு கறுப்பு இபிடிஎம் ரப்பர் டியூபுக்கு மாறினேன். பார்க்க அழகில்லை, ஆனால் சுலபமாக மடிவதில்லை, தண்ணீரில் பிசுக்கு விடுவதுமில்லை. மண்டபத்தில் இறக்கியதும் முதல் வேலை பக்கத் தகட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது. ஐந்து நிமிடம் ஆகும். அதன் பிறகுதான் பிளக்.

தையில் நன்றாக ஓடியது, மாசியிலும் ஓடியது. பங்குனி பிறந்ததும் சூட்டுப் பிரச்சினை வந்தது. வாட்டர் கூலிங் என்றால் குளிர்ச்சி என்று நினைத்திருந்தேன். தண்ணீர் சூட்டை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தூக்கிப் போகிறது, அவ்வளவுதான். ரேடியேட்டருக்குள் எந்தக் காற்று போகிறதோ அதைவிடக் கீழே தண்ணீர் குளிராது. என் பிராசஸர் 142 வாட் வரை இழுக்கும், கார்டு 220. மொத்தம் 360 வாட்டை ஒரே ஒரு 240 ரேடியேட்டர் சமாளிக்க வேண்டும். ஃபேனைச் சத்தமில்லாத வேகத்தில் ஓட்டினால், தண்ணீர் அறையைவிட 20 டிகிரி கூட நின்றது. வெளிநாட்டில் 22 டிகிரி அறையில் வைத்துச் சோதித்துக் காட்டுவார்கள். நம் ஸ்டோர் ரூம் 36. தண்ணீர் 56 தொட்டது. பம்புக்கு 60தான் வரம்பு. தண்ணீரின் சூட்டைக் காட்டும் சென்சார் ஒன்று கட்டாயம் போடுங்கள், பிராசஸர் சூட்டை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

இரண்டு விஷயம் கைகொடுத்தன. ஒன்று மேல் தகடு. 4 மி.மீ. துளைகளை மையத்துக்கு மையம் 6 மி.மீ. இடைவெளியில், தேன்கூடு வரிசையில் போட்டிருந்தேன், கணக்குப் பார்த்தால் 40 சதவீதம்தான் திறப்பு. அதையே 5 மி.மீ. துளையாக்கினால் 63 சதவீதம். துளைகளின் எண்ணிக்கை மாறாததால் லேசர் கட்டிங் செலவும் ஏறக்குறைய அதே. மேல் தகட்டை மட்டும் மாற்றினேன். இன்னொன்று, வாட்டைக் குறைத்தேன். பிராசஸரை ஈகோ மோடில் 88 வாட்டுக்கும், கார்டை 165 வாட்டுக்கும் கட்டினேன். மனசே வரவில்லை, இவ்வளவு செலவு செய்து வேகத்தைக் குறைப்பதா என்று. ஆனால் முன்பு 6 நிமிடம் 40 விநாடியில் ரெண்டர் ஆன அதே புராஜெக்ட் இப்போது 7 நிமிடம் 10 விநாடி. அரை நிமிடம்தான் வித்தியாசம். தண்ணீர் அறையைவிட 13 டிகிரிக்கு மேல் போவதில்லை. இது முன்பே தெரிந்திருந்தால் தொடக்கத்திலேயே இந்த வாட்டுக்குத் திட்டமிட்டு, கொஞ்சம் சின்ன எஸ்எம்பிஎஸ்ஸோடு நிறுத்தியிருப்பேன்.

வீணான பணத்தை மட்டும் கூட்டினால் முதல் கேபினெட் 6,100, ஃபிட்டிங் 5,400, போர்டு 16,800, ரைசர் 2,900, கூலன்ட் இரண்டு பாட்டில் 2,400, இடையில் இரண்டு கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த மெஷின் 5,000. மொத்தம் 38,600. ஆவணியிலிருந்து கார்த்திகை வரை நான் விட்ட ஆர்டர்களை இதில் சேர்க்கவில்லை.

சித்திரையில் கரூரில் ஒரு ரிசப்ஷன். வெளியே நிற்க முடியாத வெயில். ஸ்டோர் ரூமில் வெப்பமானி 37 காட்டியது, தண்ணீர் 50. ஆறே முக்காலுக்குப் படத்தை பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். ஹெட்போனைக் கழற்றிய பிறகுதான் கேபினெட் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே நினைவுக்கு வந்தது, அவ்வளவு அமைதி. அடுத்து ஆடியில் கூலன்ட் மாற்ற வேண்டும். வடிக்கும் திருகுக்கு அடியில் வைக்க அரை லிட்டர் டம்ளர் ஒன்றை இப்போதே பையில் போட்டு வைத்திருக்கிறேன்.